பாட்டு யாருடையது? பங்கு யாருக்கு?

2025ஆம் ஆண்டிலே இரண்டு செய்திகள் ஏடுகளில் வந்தன. ஒன்று சனவரித் திங்களில், மற்றொன்று ஏப்ரலில்.

சனவரிச் செய்தி நம் நாட்டுச் செய்தி. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் செய்தி கடல் கடந்த செய்தி. ரையன் கூக்ளர் எனும் கருப்பின இயக்குநர் எடுத்த 'சின்னர்ஸ்' என்ற படம் வெளிவந்தது. 1932ஆம் ஆண்டிலே, மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக்காட்டு மண்ணிலே நடக்கும் கதை. அந்தக் கதையின் உயிர்நாடி 'புளூஸ்' என்று பெயர் பெற்ற கருப்பர் இசை.

பறைக்குப் பட்டம்! புளூசுக்குப் படம்!

படித்தோம், மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு நின்றுவிட்டால் நாம் வெறும் ரசிகர்கள். ஏன் வந்தது, எப்படி வந்தது, யாருக்குப் பயன் என்று கேட்டால்தான் நாம் இயக்கத்தவர். கேட்போம், தோழர்களே!

தூத்துக்குடித் துறைமுகத்திலே சுமை தூக்கும் தோழர் குறுக்கிடுவார்: "அமெரிக்கக் கருப்பன் பாட்டு எனக்கு எதற்கு? உப்பளத்திலே கால் வெடித்து நிற்கும் என் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு? வள்ளத்திலே கடலேறும் என் மைத்துனனுக்கு எதற்கு?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரை.

அடிமைத்தளை 1865லே சட்டப்படி அறுந்தது. கருப்பன் விடுதலை பெற்றான். ஆனால் விடுதலை பெற்றவன் கையிலே என்ன இருந்தது? வெறுங்கை இருந்தது! நிலம் யாரிடம் இருந்தது? பழைய ஆண்டையிடம் இருந்தது. ஆகவே பழைய நிலத்துக்கே பங்குக் குத்தகையாளாகத் திரும்பி வந்தான். விதை கடன். கலப்பை கடன். உழும் கோவேறு கழுதை கடன். உண்ணும் சோளமாவும் ஆண்டை கடையிலே கடன். விளைந்த பருத்தியிலே பாதி ஆண்டைக்கு. மீதிப் பாதியிலே கடனுக்குக் கழிவு. கணக்கேடு யார் கையிலே? அதுவும் ஆண்டை கையிலே! ஆண்டு முடிந்ததும் ஏட்டைப் புரட்டி, "இன்னும் நீதான் எனக்குப் பாக்கி" என்பான். எழுதத் தெரியாதவன், எதிர்த்துக் கேட்டால் உயிர் போகும் என்று அறிந்தவன், என்ன செய்வான்?

பாடினான்.

வீட்டுச் சுவரிலே ஒற்றைக் கம்பியை ஆணியடித்து இழுத்துக் கட்டி இசைத்தான். கிட்டார் கிடைத்தபோது, உடைந்த புட்டியின் கழுத்தை விரலிலே மாட்டிக் கம்பிமேல் வழுக்கி, மனிதக் குரல் விம்முவது போல் விம்ம வைத்தான். ஓர் அடி பாடுவான். அதே அடியை மீண்டும் பாடுவான். மூன்றாம் அடியிலே மறுமொழி சொல்வான். முறையீடு, மீண்டும் முறையீடு, பிறகு முடிவு! இதுதான் புளூசின் பழைய கட்டு.

1903 அளவிலே டட்வைலர் என்ற சிற்றூரின் இரயில் நிலையத்திலே, கந்தல் உடுத்திய ஒருவன் கிட்டார்க் கம்பியிலே கத்தியை வழுக்கிப் பாடியதை வில்லியம் ஹேண்டி என்ற இசைவாணர் கேட்டார். ஹேண்டி 1912லே 'மெம்பிஸ் புளூஸ்' என்ற இசையை அச்சிட்டார். ஹேண்டிக்குப் பெயர் கிடைத்தது. அந்த நிலையத்துக் கந்தல்காரன் பெயர் என்ன? வரலாற்றிலே இல்லை!

பெயரில்லாதவன் பாட்டு, பெயருள்ளவனுக்குப் பெருமை. இந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. இனி நம் கரைக்கு வருவோம்.

நம் கொற்கை! தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியிலே, பாண்டியன் புகழ் பாடிய முத்துத் துறை! அதன் பெருமையை நாம் மேடை தோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் முதலாம் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்புளுஸ்' என்ற கடல்வழி நூலைப் புரட்டிப் பாருங்கள். கொற்கையிலே முத்துக் குளிப்பு நடக்கிறது என்று சொல்லும் அதே இடத்திலே, அந்த வேலையைச் செய்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் குறித்திருக்கிறது.

அரசியின் கழுத்திலே முத்தாரம். அதை எடுத்தவன் கழுத்திலே தண்டனை!

மிசிசிப்பியிலே 'பார்ச்மன்' என்று ஒரு சிறைப் பண்ணை. அங்கே கருப்பினக் கைதிகள் கோடரி வீசிக்கொண்டே பாடிய பாட்டுகளை, 1947லும் 1948லும் ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்தார். இன்று அந்தக் குரலை உலகம் கேட்கிறது. கொற்கையிலே மூச்சடக்கி மூழ்கிய கைதி என்ன பாடினான்? யாரும் எழுதி வைக்கவில்லை.

பாண்டியன் போனான், பறங்கியன் வந்தான், பின்னர் ஆங்கிலேயன் வந்தான். முறை மாறியதா? வெள்ளையர் ஆட்சியின் முத்துக்குளிப்பிலே, மேலே வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்குதான் குளித்தவர்க்கு. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவன் குளியாள். காது வலித்தது அவனுக்கு. சுறாவுக்கு அஞ்சியது அவன் மனைவி. இரண்டு பங்கு யாருக்கு? கரையிலே கூடாரத்துக்குள் அமர்ந்து எண்ணியவனுக்கு! மிசிசிப்பியிலே பாதி, மன்னார் வளைகுடாவிலே மூன்றில் ஒன்று. கணக்கிலே நம்மவன் நிலை கருப்பன் நிலையினும் கீழ்!

இப்போது சொல்லுங்கள், அந்தப் பாட்டு நமக்கு அந்நியமா?

அந்தக் கரையிலும் பாட்டு இருந்தது. 'அம்பா' என்பது அதன் பெயர். கரைவலை இழுக்கும்போது, வள்ளத்தை மணலிலிருந்து அலைக்குத் தள்ளும்போது, துடுப்பு வலிக்கும்போது, ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர் அனைவரும் 'ஏலேலோ' என்று ஏற்றுப் பாடுவர். ஒருவர் கேள்வி, ஊரே மறுமொழி! பாட்டின் அழுத்தம் விழும் இடத்திலே இருபது கைகளின் இழுப்பும் ஒன்றாக விழும். அது பொழுதுபோக்கு அல்ல; வேலைக் கருவி. வலைக்குக் கயிறு எப்படியோ, வலிப்பவனுக்கு அம்பா அப்படி. பருத்திக்காட்டுக் கருப்பனின் கூட்டுப் பாட்டும் இதே இலக்கணந்தான். பாடத்திட்டம் போட்டு யாரும் இரு கரைக்கும் கற்பிக்கவில்லை, உழைப்பு கற்பித்தது.

அந்த அம்பா இன்று எங்கே?

தூத்துக்குடிக் கடலிலே பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973லே அதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணியை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினர். ஆழமில்லாத பழைய துறைமுகத்திலே கப்பல்கள் தொலைவிலே நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கிய காலம் இருந்தது. 1974லே புதிய துறைமுகம் திறந்தது, கப்பல் கரையணைந்தது. பாரந்தூக்கி வந்தது, கண்டெய்னர் வந்தது. வள்ளத்திலே இயந்திரம் ஏறியது. இருபது பேர் சேர்ந்து இழுத்ததை இயந்திரம் இழுத்தது. சேர்ந்து இழுக்க வேண்டிய தேவை குறைந்தது. சேர்ந்து பாடவேண்டிய தேவையும் குறைந்தது.

இயந்திரம் வந்தது தவறு என்கிறோமா? இல்லை! 'இனி வரும் உலகம்' எழுதிய பெரியாரின் வழிவந்தோர் இயந்திரத்தைப் பழிக்க மாட்டோம். முதுகு முறியும் வேலையை இரும்பு செய்யட்டும், வரவேற்கிறோம். பழைய துன்பத்தை அழகு என்று கொண்டாடும் கூட்டம் ஒன்று உண்டு. குளிர்சாதன அறையிலே அமர்ந்துகொண்டு, "அடடா, வறுமையிலே என்ன இசை!" என்று உருகும் கூட்டம்! அந்தக் கூட்டத்திலே நமக்கு இடம் வேண்டாம். வலி ஒழியட்டும். நாம் கேட்பது வேறு. வலி போவதோடு பாட்டும் போகவேண்டுமா? பாட்டோடு, அதைப் பாடியவனின் பெயரும் போகவேண்டுமா?

கருப்பனின் வரலாற்றைப் பாருங்கள். 1944லே மிசிசிப்பியின் ஹாப்சன் பண்ணையிலே இயந்திரம் பருத்தி பறித்துக் காட்டியது. காட்டிலே கைக்கு வேலை குறைந்தது. ஆனால் புளூஸ் சாகவில்லை. ஏன்? அது ஊர் மாறியது; உடை மாறியது; உயிர் மாறவில்லை. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கருப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினர். அவர்களிலே ஒருவர் மட்டி வாட்டர்ஸ். 1941லே ஸ்டோவால் பண்ணையிலே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவர் குரலை லோமாக்ஸ் பதிவு செய்தார். 1943லே அவர் சிகாகோவுக்கு இரயில் ஏறினார். தொழிற்சாலை நகரின் இரைச்சலிலே வெறும் கிட்டார் கேட்காது என்று மின்சாரக் கிட்டாரைக் கையிலெடுத்தார். பகலிலே வேலை, இரவிலே இசை. ஆலையிலிருந்து வந்த தொழிலாளி காசு கொடுத்துக் கேட்டான். தன் பாட்டைத் தன் மக்கள் முன்னே, நேருக்கு நேர், கூலி பெற்றுப் பாட மேடை இருந்தது. அதனால் பாட்டு பிழைத்தது.

கூலி முழுவதும் கிடைத்ததா? அதுதான் இல்லை! 1920லே மாமி ஸ்மித் என்ற கருப்பினப் பெண் பாடிய 'கிரேசி புளூஸ்' இசைத்தட்டு அமோகமாக விற்றது. உடனே கம்பெனிகள் ஓடி வந்தன. கருப்பருக்கென்று தனிப் பட்டியல் போட்டு விற்றன. தனிக் குவளை போலத் தனித் தட்டு! பிக் மாமா தார்ன்டன் என்ற பெண் 1953லே வெளிவந்த 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பாடினார். தமக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர்தான் என்று அவரே சொன்னார். அதே பாட்டை 1956லே வெள்ளை இளைஞர் எல்விஸ் பிரெஸ்லி பாடினார், இலட்சக்கணக்கில் விற்றது. பாட்டு நாட்டுடைமை ஆயிற்று. பணம் தனியுடைமை ஆயிற்று!

இந்தியாவிலும் புளூஸ் வந்து சேர்ந்தது. மேகாலயத்தின் ஷில்லாங் நகரிலே, 2003ஆம் ஆண்டு, ரூடி வாலாங் என்ற கிட்டார்க் கலைஞரும் திப்ரிதி கர்பங்கர் என்ற பாடகியும் 'சோல்மேட்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினர். "இங்கே இதை யார் கேட்பார்?" என்று சோர்ந்துவிடவில்லை. 2005லே 'ஷில்லாங்' என்ற தம் ஊர்ப் பெயரையே சூட்டி முதல் தொகுப்பை வெளியிட்டனர். 2007லே அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே நடந்த உலகப் புளூஸ் போட்டிக்கு இந்தியாவின் சார்பிலே சென்றனர். 2011லே மும்பையிலே பெரும் முதலாளி நிறுவனம் ஒன்றின் பெயரிலே புளூஸ் விழா தொடங்கியது. அதன் முதல் ஆண்டிலேயே, சிகாகோவின் மூத்த கலைஞர் பட்டி கையும் வந்த அதே விழாவிலே, இவர்களும் மேடையேறினர்.

தலைநகர் தில்லியிலிருந்து நெடுந்தொலைவிலே, மலையுச்சியிலே, சிறுபான்மைப் பழங்குடி மக்களிடையே பிறந்த ஒரு குழு, தான் நேசித்த இசையை மேடை மேடையாக இசைத்து ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. பாராட்டுகிறோம்! ஆனால் ஒன்று கேட்போம். ஷில்லாங்கிலே மிசிசிப்பியின் பாட்டைக் காக்க ஒரு குழு இருக்குமானால், தூத்துக்குடியிலே தூத்துக்குடியின் பாட்டைக் காக்க ஒரு குழு வேண்டாமா?

மெம்பிஸ் என்றோம். அந்த ஊரை மறக்கலாகாது. புளூசுக்குப் பேர்போன அந்த நகரிலேதான், 1968லே, கருப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1968லேதான் நம் அறிஞர் அண்ணா, யேல் பல்கலைக்கழகத்தின் சிறப்பு அழைப்பைப் பெற்று அமெரிக்க மண்ணிலே கால்வைத்தார். பாட்டுப் பிறக்கும் ஊரிலே போராட்டமும் பிறக்கும். தூத்துக்குடி மட்டும் வேறா? 1908லே கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டி, கூலி உயர்வு பெற்றுத் தந்த வ.உ.சி.யின் ஊர் அல்லவா!

தமிழ்நாட்டிலே இசைக்கு நடந்த போராட்டமும் சிறிதன்று. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற நிலை இருந்தது. 1941லே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசைத் தீர்மானம் எழுந்தது. 1943லே தமிழிசைச் சங்கம் தோன்றியது. எதிர்த்தோர் எத்தனை பேர்! வென்றது தமிழ். ஆயினும் தோழர்களே, அன்று மேடையேறியது தமிழ் மொழி. தமிழ்த் தொழிலாளி ஏறவில்லை. பறை வாசலிலே நின்றது. அம்பா கடற்கரையிலே நின்றது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் புலவர்கள் பாராட்டினர். கானலிலே நின்று பாடிய பரதவனை யாரும் அழைக்கவில்லை.

அந்த வாசலைத் தட்டிய கைகளும் உண்டு. 2018 சனவரியிலே, இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையிலே மேடையேறியது. சாதியற்றவர் என்ற பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. வடசென்னைக் கானாவும் பறையும் மின்சாரக் கிட்டாரும் தோளோடு தோள் நின்றன. 2020லே மார்கழி மாதத்திலேயே 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி ஒரு சாராரின் குத்தகையல்ல என்று காட்டியது. 2007லே சென்னைச் சாலைகளிலும் பூங்காக்களிலும் சங்கமம் விழா நடந்தது. 2022லே, தூத்துக்குடியின் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியின் முயற்சியாலே, அந்நகரிலேயே நெய்தல் கலை விழா நடந்தது. நம் கழகத்தார்க்குப் பெருமை தரும் செய்திகள் இவை.

பெருமையைச் சொன்னோம். குறையையும் சொல்லாவிட்டால் ஏடு எதற்கு?

நம் கூட்டங்களையே எண்ணிப் பாருங்கள். தலைவர் வருகிறார். வரவேற்புக்குப் பறைக்குழு, நையாண்டி மேளக்குழு, கரகக்காரர்! மாலை ஐந்து மணிக்கு வரவேண்டிய வண்டி எட்டு மணிக்கு வருகிறது. மூன்று மணி நேரம் அவர்கள் தார்ச்சாலையிலே நின்று அடிக்கிறார்கள். தலைவர் மேடையேறியதும், "போதும், நிறுத்து!" என்று ஒலிபெருக்கியிலே ஒரு குரல். துண்டறிக்கையிலே கூடாரம் போட்டவர் பெயர் இருக்கிறது. ஒலிபெருக்கி அமைத்தவர் பெயர் இருக்கிறது. அடித்தவர் பெயர் இல்லை. கூலியோ, "நாளைக்கு வா." எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், எந்தக் கட்சி என்றும் கேட்க வேண்டாம். ஊர்தோறும் உள்ளது. டட்வைலர் நிலையத்திலே பெயரில்லாமல் நின்ற கந்தல்காரன், நம் மேடைக்குக் கீழேயும் நிற்கிறான்!

பறையடித்தவர் பட்டம் பெறும் காலத்திலே, பறையடிப்போர் பந்தலுக்கு வெளியே நிற்பது நியாயமா? விருது ஒருவருக்கு, வேதனை ஊருக்கா?

ஆகவே, தோழர்களே, தீர்மானம் போட்டுக் கலைவதற்கல்ல, செய்வதற்கென்று மூன்று வேலைகள் சொல்கிறோம்.

ஒன்று, நம் கூட்டத்துக்கு வரும் கலைஞர்க்கு மேடையிலே நேரம், துண்டறிக்கையிலே பெயர், அன்றிரவே கூலி. இதற்கு அரசாணை வேண்டாம். கிளைச் செயலாளரின் மனம் போதும். 2007லே நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நலவாரியம் அமைக்கப்பட்டது. நம் ஊர்க் கலைஞர் அதிலே பதிந்திருக்கிறாரா என்று வீடு சென்று கேட்பதும் கழகப் பணியே.

இரண்டு, தூத்துக்குடிக் கரையிலே கரைவலை இழுத்த கைகள் இன்னும் இருக்கின்றன. அடியெடுத்துக் கொடுத்த குரல்கள் முதுமையிலே தளர்ந்திருக்கின்றன. லோமாக்சுக்குப் பெரிய பதிவுப் பொறி தேவைப்பட்டது. உங்கள் சட்டைப் பையிலேயே பொறி இருக்கிறது! முதியவரிடம் அமருங்கள், பாடச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள். பாட்டோடு பாடியவர் விரும்பும் பெயரையும் எழுதுங்கள். நாளை யாரேனும் அதைப் படத்திலே போட்டுப் பணம் பண்ணினால், பங்கு கேட்க அந்தப் பெயர் வேண்டும்.

மூன்று, ஆண்டுக்குச் சில நாள் விழா போதாது. மழைக்கு முளைக்கும் புல் வெயிலிலே கருகும். தூத்துக்குடியிலே நிலையான இசைக்குழு ஒன்று வேண்டும். துறைமுகத் தோழர்களும், உப்பளத்துப் பெண்களும், மீனவ இளைஞர்களும் சேர்ந்த குழு. வாரம் ஒரு நாள் மாலை, கடற்கரையிலே நேருக்கு நேர் பாடவேண்டும். கிட்டார் சேரட்டும், பறை சேரட்டும், தடையில்லை. மட்டி வாட்டர்ஸ் மின்சாரம் சேர்த்தபோது புளூஸ் கெடவில்லையே! பழைய அடியோடு புதிய அடி கட்டட்டும். டீசல் விலையைப் பாடட்டும். கடலுக்குப் போய்த் திரும்பாதவனைப் பாடட்டும். 2018 மே மாதத்துத் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டிலே வீழ்ந்த பதின்மூன்று உயிர்களைப் பாடட்டும்.

"பாட்டு பாடினால் கூலி உயருமா?" என்று கேட்பீர்கள். பாட்டு மட்டும் உயர்த்தாது. ஆனால் இருபது பேர் ஒரே நொடியிலே ஒன்றாக இழுக்கக் கற்றுக் கொடுத்தது எது? அம்பா! வலையை அப்படி இழுத்த கைகளுக்கு, பங்கையும் அப்படி இழுக்கத் தெரியும்.

இரண்டு பங்கு எண்ணியவன் கூடாரம் போய்விட்டது. ஒரு பங்கு பெற்றவன் குரல் இன்னும் கரையிலே இருக்கிறது. அந்தக் குரல் அடங்குமுன் நாம் போய்ச் சேர வேண்டும். இந்த ஞாயிறே புறப்படலாம்!